உஷார்! கடல் பச்சையானால் கால் வைக்காதீர்கள்

லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறீர்களா? செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். தண்ணீரைப் பாருங்கள். மூச்சை இழுத்து மோந்து பாருங்கள்.

புல்லை அரைத்துக் கரைத்த மாதிரி பச்சையாக இருக்கிறதா? செங்கல் பொடி கலந்த மாதிரி சிவந்திருக்கிறதா? அலை நுரைக்காமல் கஞ்சி போலக் கனத்து வந்து விழுகிறதா? அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றம் மூக்கில் ஏறுகிறதா?

இறங்காதீர்கள். பிள்ளையின் கையை விடாதீர்கள். கரையில் கிடக்கும் மீன் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதைப் பொறுக்காதீர்கள்.

பாம்பன் பக்கம் ஒரு அக்கா. பேர் வேண்டாம். கடலில் முங்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறவர். கண்ணில் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, சேலைக்கு மேல் ஒரு பழைய சட்டை, இடுப்பில் பை. மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் இருக்கும், கட்டக்கோரை எந்தப் பக்கம் வளரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறவர்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு செப்டம்பர் மாதக் காலை. காற்று அடங்கிக் கிடந்தது. தண்ணீரில் இறங்கியதுமே அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. முங்கினால் கைக்கெட்டும் தூரத்துப் பாறை தெரியவில்லை. பாறையைத் தொட்டால் சளி மாதிரி வழுக்குகிறது. கொஞ்ச நேரத்தில் கழுத்தும் முழங்கையும் அரிக்க ஆரம்பித்தன. கண் எரிந்தது. பை பாதி கூட நிறையவில்லை, ஏறி வந்துவிட்டார். வீட்டில் சொன்னார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “பாசி வந்திருக்கும், ரெண்டு நாள்ல போயிரும்” என்று மாமியார் சொல்லிவிட்டார்.

மறுநாள் விடிகாலை கரை முழுக்க மீன். ஓரா, விலாங்கு, சாளை, சின்னதும் பெரிதுமாக. சிலது இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. தெருவே கூடையோடு ஓடியது. இவர் தயங்கி நின்றார். “ஏ புள்ள, கடல் தானா குடுக்கும்போது வேணாம்னு சொல்லுவியா?” என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா அதட்டினார். அன்றைக்குப் பாசி வருமானமும் இல்லை. வீட்டில் நான்கு வாய். அவரும் ஒரு கூடை அள்ளினார். அதில் அப்போதுதான் ஒதுங்கினது எது, ராத்திரியே செத்துக் கிடந்தது எது என்று யாருக்குத் தெரியும்?

மத்தியானம் சாளைக் குழம்பு. சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகவில்லை, சின்ன மகனுக்கு முகமும் காதும் தீயில் காட்டின மாதிரி சிவந்தன. “அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்குது” என்றான். உடம்பெல்லாம் தடிப்பு. வாந்தி. அவனுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அந்த அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டு, ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். பிள்ளை பிழைத்தான். “நல்லாக் கொதிக்க வச்சுத்தானே குடுத்தேன்?” என்று அந்த அம்மா என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

கொதிக்க வைத்தாலும் போகாத விஷம் உண்டு. இது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. சாளை, கானாங்கெளுத்தி, சூரை மாதிரி மீன்கள் செத்து வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். வறுத்தாலும் போகாது. உப்புப் போட்டுக் காயவைத்தாலும் போகாது. ‘கறிக்கு ஆகாது, கருவாடு போட்டுக்கலாம்’ என்று நினைப்பது தப்புக் கணக்கு. முகம் சிவப்பது, தலைவலி, தடிப்பு, நெஞ்சு படபடப்பு, வயிற்றுப்போக்கு என்று வரும். பலருக்கு ஒரு நாளில் அடங்கிவிடும். இழுப்பு இருக்கிற பிள்ளைக்கும் இருதய நோயாளிக்கும் அது விளையாட்டான சமாசாரம் இல்லை.

சரி, அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?

நாக்டிலூக்கா என்று ஒரு நுண்ணுயிர். ஒரே ஒரு செல்தான். ஆனாலும் ஜவ்வரிசியை நூறாக உடைத்த மாதிரி வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வளரும். ராமநாதபுரம் கரையில் இதைப் பூங்கோரை என்பார்கள். நம் பக்கத்துக் கடலில் அதன் வயிற்றுக்குள் இன்னொரு பச்சைப் பாசி குடியிருக்கும். அதனால்தான் அந்த நிறம். காற்று அடங்கி, வெயில் ஏறி, ஆறும் சாக்கடையும் கொண்டுவந்து கொட்டும் சத்து தண்ணீரில் மிஞ்சிப்போனால் அது கோடிக்கணக்கில் பெருகிவிடும். வயல் உரம், வீட்டுக் கழிவு, இறால் பண்ணைத் தண்ணீர் எல்லாமே அதற்குச் சாப்பாடுதான். மீன் முட்டையையும் அது தின்னும்.

2019 ஆகஸ்ட் ராத்திரி ஒன்றில் சென்னை திருவான்மியூர், பெசன்ட் நகர் கரையில் அலை நீலமாக ஒளிர்ந்தது நினைவிருக்கிறதா? ஊரே கைப்பேசியோடு ஓடியது. கைக்குழந்தைகளைத் தண்ணீரில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்த ஒளியும் நாக்டிலூக்காவின் வேலைதான். அதன் பேருக்கே இரவில் ஒளிர்வது என்றுதான் அர்த்தம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே, 2019 செப்டம்பரில், மன்னார் வளைகுடாவில் அதே உயிர் பச்சைப் பாயாக விரிந்தபோது பாம்பன் சுற்றுவட்டாரத்தில் மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. மண்டபம் பக்கத்து சிங்கிள் தீவைச் சுற்றிப் பவளப்பாறைகள் மூச்சுத் திணறிச் செத்தன. 2008-லும் இதே கடலில் இப்படி நடந்திருக்கிறது.

மூச்சுத் திணறி என்று சும்மா சொல்லவில்லை. நல்ல கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஐந்து, ஆறு மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். இரண்டுக்குக் கீழே போனால் மீனுக்கு உயிர் ஊசலாட ஆரம்பிக்கும். பகலில் அந்தப் பாசி வெயிலில் ஆக்சிஜன் விடும். ராத்திரி அதுவே இழுக்கும். கூட்டம் கூட்டமாகச் செத்து அழுகத் தொடங்கினால் மிச்சமிருப்பதையும் பாக்டீரியா தின்றுவிடும். அதனால்தான் விடிகாலையில் மீன் கரைக்கு ஏறி வருகிறது. மூச்சு இல்லாமல் ஓடி வருகிறது. அதைத்தான் நாம் ‘கடல் குடுத்தது’ என்று கூடையில் அள்ளுகிறோம்.

நகர முடிந்த மீன் ஓடிவிடும். பவளத்துக்குக் கால் இல்லை. அது நின்ற இடத்திலேயே சாகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளப்பாறைகள் ஏற்கெனவே நொந்து கிடக்கின்றன. தண்ணீரின் சூடு 30 டிகிரியைத் தாண்டி நின்றால் பவளம் வெளுக்க ஆரம்பிக்கும். 2010-லும் 2016-லும் இங்கே பெரிதாக வெளுத்தது. வெளுத்து, தேறி, மறுபடி வெளுத்து நிற்கிற பாறைமேல் பூங்கோரையும் வந்து போர்த்தினால் அது எப்படி எழுந்திருக்கும்? பாறை போனால் ஓரா மீன் குஞ்சு பொரிக்க இடம் இல்லை. அலையை உடைக்கவும் ஆள் இல்லை. தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்துத் தீவுகளில் இரண்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாக்டிலூக்கா தானாக நஞ்சு சுரப்பதில்லை. அது சேர்த்து வைக்கும் அம்மோனியாவும், அது உண்டாக்கும் ஆக்சிஜன் பஞ்சமும்தான் ஆபத்து. அப்படியானால் ஏன் இவ்வளவு பதறுகிறேன்? நிறம் மாறிய கடலைக் கண்ணால் பார்த்து, இது எந்தப் பாசி என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. நுண்நோக்கியில் பார்த்தால்தான் தெரியும். நஞ்சு சுரக்கிற பாசிகளும் இதே மாதிரிதான் வரும்.

1981-ல் தமிழ்நாட்டிலேயே மட்டி சாப்பிட்டவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். 1997 செப்டம்பரில் கேரளத்தில் விழிஞ்ஞம் பக்கம் சிப்பி சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். விழிஞ்ஞத்துக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? அதே கடல். அதே சிப்பி. அதே குழம்பு.

மட்டியும் சிப்பியும் நின்ற இடத்தில் வாயைத் திறந்து கடலைச் சலித்துத் தின்கிறவை. தண்ணீரில் நஞ்சுப் பாசி இருந்தால் அந்த நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொண்டே போகும். அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பார்த்தால் உயிரோடு, புதுசாக, கொழுகொழுவென்று இருக்கும். நாற்றம் இல்லை. ருசியில் வித்தியாசம் இல்லை. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் எறும்பு ஊர்கிற மாதிரி மரக்கும். பிறகு விரல் நுனி. பிறகு கை கால் சொன்ன பேச்சு கேட்காது. கடைசியில் மூச்சு விடுகிற தசை நின்றுபோகும். முறிக்கிற மருந்து கிடையாது. மூச்சைத் தாங்கிப் பிடிக்கிற ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போனால் உயிர் தப்பும். உதடு மரத்துப்போனால் வீட்டு வைத்தியம் வேண்டாம். மோர் வேண்டாம், கஷாயம் வேண்டாம். 108-க்கு அடியுங்கள். என்ன சாப்பிட்டோம், எந்தக் கரையில் எடுத்தோம் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

காற்றும்கூடக் காட்டிக்கொடுக்கும். 2004 செப்டம்பரில் கேரளத்தில் கொல்லம் தொடங்கி விழிஞ்ஞம் வரை கடலிலிருந்து ஒரு குமட்டும் நாற்றம் வீசியது. கரையோரத்தில் 200 பேருக்கு மேல், அதிலும் பிள்ளைகள்தான் அதிகம், வாந்தியும் மூச்சுத் திணறலும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இது மீன் சாப்பிட்டு வந்ததில்லை. காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

‘இதையெல்லாம் பார்க்க அரசாங்கம் இருக்கே’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பாசிப் பெருக்கத்துக்கும் பவள வெளுப்புக்கும் எச்சரிக்கை விடுகிறது. 2022 நவம்பர் 26-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஓஷன்சாட்-3 கடலின் நிறத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு கண்ணைச் சுமந்துகொண்டு சுற்றுகிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கரையோரத் தண்ணீரை எடுத்துச் சோதிக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் என்று தண்ணீருக்குள் முங்கிப் பவளத்தை எண்ணுகிற விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது.

ஆனால் வானத்துக் கண்ணுக்கு மேகம் மறைத்தால் ஒன்றும் தெரியாது. பூங்கோரை வருகிற செப்டம்பர், அக்டோபரில் மேகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேகம் இல்லாத நாளிலும் அது பார்க்கும் ஒரு புள்ளி முந்நூறு மீட்டருக்கு மேல் அகலம். கரையை ஒட்டின ஆழமில்லாத தண்ணீரில் அடிமணலும் சகதியும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். நம் பிள்ளை முழங்கால் தண்ணீரில் நிற்கிற இடம் அந்தக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இடம். தண்ணீரை எடுத்துச் சோதிக்கிறவர்களும் எல்லாக் கரையிலும் தினமும் நிற்க முடியாது.

அந்தப் பாசி எடுக்கிற அக்காவுக்கு ஒரு நாள் முன்னாலேயே தெரிந்தது. பாறை வழுக்கியது, கண் எரிந்தது. அவர் சொன்னதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு ஒரு போன் அடித்திருந்தால், மறுநாள் விடிகாலை அந்தத் தெரு கூடையோடு ஓடியிருக்காது. எனக்கு ஆறாதது அதுதான்.

அதனால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன், மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறம். பச்சை, சிவப்பு, காப்பி நிறம். கலங்கலுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு வெயிலில் பிடியுங்கள். சகதி என்றால் கொஞ்ச நேரத்தில் அடியில் தங்கும். பூங்கோரை மேலே மிதந்து பச்சை வளையமாக ஒதுங்கும். மொண்ட கையை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ராத்திரி ஒளி. தூரத்தில் நின்று கண்ணாரப் பாருங்கள். இறங்க வேண்டாம். மறுநாள் காலை அந்தக் கரையில் என்ன நிறம் என்று கேட்டு வையுங்கள்.

ஒரே இனமாக இல்லாமல் பல வகை மீன் சேர்ந்து ஒதுங்கினால் ரொம்ப உஷார். ஒரு வகை மீன் மட்டும் கிடந்தால் வலையிலிருந்து கொட்டினதாகக்கூட இருக்கலாம். விலாங்கு, நண்டு மாதிரி அடியில் கிடக்கிறதும் சேர்ந்து மேலே வந்தால் அடித்தண்ணீரில் மூச்சு இல்லை என்று அர்த்தம். கோழிக்கும் பூனைக்கும்கூட அதைப் போடாதீர்கள்.

சொறி. திடீரென்று கரை முழுக்கச் சொறி ஒதுங்கினால் அதையும் குறித்து வையுங்கள். செத்த சொறியும் சுடும். பிள்ளைகள் குச்சியால் குத்தி விளையாடுவார்கள், விடாதீர்கள். நாக்டிலூக்கா பெருகின கடலில் அதைத் தின்னச் சொறி கூடும், நல்ல மீன் குறையும்.

ஆமை, ஓங்கில், கடல்பசு செத்து ஒதுங்கினால் கிட்டப்போய்ப் படம் எடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஒவ்வொன்றும் எங்கே, எந்த நாள் கிடந்தது என்ற கணக்கு சேர்ந்தால்தான் காரணம் பிடிபடும். தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம், மணலில் பாசிமணி மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை, இதையும் விடாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் கறுத்து நின்றதைப் பார்த்தோம். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது. கொஞ்ச நாளில் அதன் குருணை கன்னியாகுமரிக் கரை வரை வந்தது. அதை வெறும் கையால் அள்ள வேண்டாம், பிள்ளைகள் வாயில் போட விட வேண்டாம்.

யாரிடம் சொல்வது? கடலோரக் காவல் குழுமம் 1093. படகு, எண்ணெய், கப்பல் விஷயம் என்றால் கடலோரக் காவல்படை 1554. ஊர் மீன்வளத்துறை ஆய்வாளர் எண்ணை இப்போதே வாங்கி வையுங்கள், தேவைப்படும்போது தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. சொல்லும்போது இடம், நேரம், நிறம், நாற்றம், என்ன மீன், காற்று எந்தப் பக்கம், இவ்வளவும் சொல்லுங்கள். ஒரு படம் எடுங்கள், கரையில் அடையாளமாக ஒரு மரமோ கோயிலோ அதில் தெரியட்டும்.

தெரியாமல் இறங்கிவிட்டீர்களா? உடனே ஏறி நல்ல தண்ணீரில் குளியுங்கள். கண்ணைத் தேய்க்காமல் கழுவுங்கள். ஈர உடையோடு பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். நிறம் மாறின கடலில் பிடித்த மட்டி, சிப்பி எதுவும் கடல் தெளிந்த பிறகும் சில வாரங்களுக்கு வேண்டவே வேண்டாம். ஆழ்கடலில் உயிரோடு பிடித்து ஐஸில் வந்த மீனுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மீனே வேண்டாம் என்று வதந்தி கிளப்பி, கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.

போன செப்டம்பரில் அந்த அக்காவைப் பார்த்தேன். கண்ணாடி, துணி, பை எல்லாம் அப்படியே. பையில் புதிதாக ஒரு காலித் தண்ணீர் பாட்டில் இருந்தது. எதற்கு என்று கேட்டேன். “தண்ணி மாறுச்சுன்னா பிடிச்சுக் குடுக்கத்தான். வாயால சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்கள்ல?” என்றார். பேசிக்கொண்டே கடலுக்குள் முழங்கால் வரை போய், கையில் கொஞ்சம் தண்ணீர் அள்ளி மோந்து பார்த்தார். திரும்பிக் கரையைப் பார்த்தார். அங்கே அவர் மகன் சட்டையைக் கழற்றிவிட்டுக் காத்து நின்றான்.

“இன்னைக்கு எறங்கலாம்டா” என்றார்.